வரம் கேட்காத குந்தி

பெற்றுக் கைவிட்ட தாய், ஆளான மகன் முன்னால் வந்து நிற்கிறாள். தமிழில் இந்தக் காட்சியை ஆடிப் பார்க்காத மேடை கிடையாது. டி.ஆர்.பி. இறங்கும் வாரத்தில் சீரியல்காரர்களுக்குக் கைகொடுப்பதும் இதுதான். எந்த வேஷத்தில் வந்தாலும் மூலம் ஒன்றே: குந்தியும் கர்ணனும்.

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரம் இந்தக் காட்சிக்குச் சொந்த மைதானம் மாதிரி. ‘வியாசர் விருந்து’ எழுதிய ராஜாஜி, ஓசூரை ஒட்டிய தொரப்பள்ளியில் பிறந்தவர். 1964-ல் ‘கர்ணன்’ படத்தை எடுத்த பி.ஆர். பந்துலு, எல்லை தாண்டினால் வரும் கோலார் மாவட்டத்துக்காரர். 1991-ல் ‘தளபதி’யில் பேன்ட் சட்டை போட்ட கர்ணனாக வந்த ரஜினிகாந்தின் முன்னோர் ஊர், வேப்பனப்பள்ளி பக்கத்து நாச்சிக்குப்பம். கோடை பிறந்தால் காவேரிப்பட்டணம், பர்கூர் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் பகலெல்லாம் பாரதச் சொற்பொழிவு, ராத்திரியெல்லாம் கூத்து.

படம் இரண்டு, கூத்து ஒன்று. ஒரே காட்சியை மூன்று பேர் ஆடியிருக்கிறார்கள். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கம்பீரத்தில் முந்துவது ‘கர்ணன்’. அடக்கத்தில் முந்துவது ‘தளபதி’. ஆட்டத்தை ஜெயிப்பது கூத்து.

அம்மா எதற்கு வந்தாள்?

வியாசர் பாரதத்தில் குந்தி வருவது போருக்கு முந்தைய நாட்களில். கங்கைக் கரையில் சூரிய பூஜை முடிகிற வரை வெயிலில் காத்திருக்கிறாள். திரும்பிப் பார்த்த கர்ணன் கும்பிட்டு, தன்னை ராதையின் மகன் என்று சொல்லிக்கொள்கிறான். இத்தனைக்கும், தான் யார் பிள்ளை என்பதைக் கிருஷ்ணன் ஏற்கெனவே அவனிடம் சொல்லியாகிவிட்டது. தெரிந்துகொண்டே அப்படிச் சொல்கிறான். இந்தக் காட்சியின் முதல் அடி அவனுடையது.

தமிழில் பாரதம் பாடிய வில்லிபுத்தூரார் இதில் மேலும் காரம் சேர்க்கிறார். அம்மா என்று சொல்லிக்கொண்டு முன்பு வந்த பெண்களையெல்லாம் எரித்த ஒரு துகிலைக் கர்ணன் எடுத்துக் கொடுக்கிறான். குந்தி உடுத்துகிறாள், எரியவில்லை. அடுத்தது அழுகை, அணைப்பு. அதற்கும் பிறகுதான் வந்த காரியம் வெளியே வருகிறது: அர்ஜுனன் மேல் நாகாஸ்திரத்தை ஒரு தடவைக்கு மேல் விடக் கூடாது, மற்ற நான்கு பேரைக் கொல்லக் கூடாது.

குந்தி வேஷத்தின் கஷ்டம் இங்கேதான் இருக்கிறது. அவள் பாசம் பொய்யில்லை. ஆனால் பாசத்துக்காக மட்டும் அவள் வரவுமில்லை. இத்தனை வருஷம் வராதவள், மற்ற பிள்ளைகளின் உயிருக்கு ஆபத்து என்றதும் வருகிறாள். இரண்டையும் ஒரே முகத்தில் காட்ட வேண்டும். பாசத்தை மட்டும் காட்டினால் நாடகம் நீர்த்துப்போகும். காரியத்தை மட்டும் காட்டினால் கூட்டம் கல்லெடுக்கும். இந்தக் காட்சியை யார் எடுத்தாலும், வரத்தை எங்கே வைக்கிறார்கள், அதைக் கேட்கும்போது தாயின் முகம் எப்படி இருக்கிறது என்று பார்த்தால் போதும். ஆட்டம் யார் பக்கம் என்று தெரிந்துவிடும்.

1964: வள்ளலின் நிமிர்வு

‘கர்ணன்’ படத்தில் குந்தியாக எம்.வி. ராஜம்மா. கன்னடத் திரையின் முன்னோடி நடிகைகளில் ஒருவர். எதிரே சிவாஜி கணேசன், கையில் சக்தி கிருஷ்ணசாமியின் வசனம். மகனாக உருகுவது, கொடையாளியாக நிமிர்வது என்று இரண்டு நிலைக்கு நடுவே சிவாஜி போய்ப் போய் வருகிறார். கேட்கிறவள் அம்மாவே ஆனாலும் கொடுக்கிறவன் தான்தான் என்ற செருக்கு அந்தக் குரலில் கடைசி வரை இறங்குவதில்லை. 2012-ல் டிஜிட்டலில் மறுபடி வெளியானபோதும் அந்தக் குரலுக்குக் கூட்டம் வந்தது.

குறை எதிர்முனையில். பந்துலு குந்திக்குக் கண்ணீரை அள்ளிக் கொடுத்து, சூத்திரத்தை என்.டி. ராமாராவின் கிருஷ்ணன் கையில் விட்டுவிட்டார். பார்க்கிறவன் கோபமெல்லாம் அந்தப் புன்னகையின் மேல் போகிறது. குந்தி சுலபமாகத் தப்பித்துவிடுகிறாள். வரம் கேட்கிறாள், ஆனால் அந்தப் பழி அவள்மேல் ஒட்டுவதில்லை. ராஜம்மாவின் திறமைக்குச் சரியான சோதனை வைக்கப்படவே இல்லை.

1991: பேசாமல் அடித்த கோல்

‘தளபதி’யில் கல்யாணியாக ஸ்ரீவித்யா. 1953-ல் பிறந்தவர். மகனாக நடித்த ரஜினி பிறந்தது 1950-ல். மகனைவிட வயதில் சின்ன அம்மா! இன்னொரு கணக்கும் உண்டு. 1975-ல் ‘அபூர்வ ராகங்கள்’ படத்தில், விட்டுவிட்டுப் போன கணவனாக ஸ்ரீவித்யாவின் வீட்டு கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்ததுதான் ரஜினியின் முதல் திரைப் பிரவேசம். பதினாறு வருஷம் கழித்து, விட்டுவிட்டுப் போனவள் வேஷம் ஸ்ரீவித்யாவுக்கு. வயதும் பழைய ஜோடியும் நினைவில் இருக்கும் ரசிகனை, பத்து நிமிஷத்தில் தாயும் மகனும் என்று நம்ப வைத்தார்கள். அதுவே பாதி வெற்றி.

மீதிப் பாதி மணிரத்னத்தின் வியூகம். யாருக்கு எப்போது தெரிய வேண்டும் என்பதை அவர் வரிசைப்படுத்திய விதத்தைக் கவனிக்க வேண்டும். போகிப் பண்டிகையன்று பெற்ற குழந்தையை ஒரு சின்னப் பெண் சரக்கு ரயிலில் விட்டதை நாம் கறுப்பு வெள்ளையில் முதலிலேயே பார்த்துவிட்டோம். அடுத்தது கல்யாணியின் கணவருக்குத் தெரிகிறது (ஜெய்சங்கரின் வேஷம்). அவர் மூலம் மகன் சூர்யாவுக்கு (ரஜினியின் வேஷம்). அதற்கும் பிறகுதான் தாய்க்கு.

இந்த இடைவெளியில் வருகிறது கோயில் காட்சி. அவனுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. எங்கோ ரயில் கூவுகிறது. அவள் முகம் திரும்புகிறது. அந்த ஓசைக்கு அவள் இன்னும் திரும்புகிறாள் என்பதே அவனுக்குக் கிடைத்த பதில். ரஜினி இங்கே கையையும் தலைமுடியையும் ஸ்டைலையும் ஓரமாக வைத்துவிட்டு, கண்ணை மட்டும் களத்தில் இறக்குகிறார். மிச்சத்தை இளையராஜாவின் மெட்டு பார்த்துக்கொள்கிறது. வில்லிபுத்தூராரின் துகில் சோதனைக்கு ஈடாக ஒரு ரயில் சத்தம். வசனமே இல்லாமல் விழுந்த கோல். ரஜினி சின்ன வயதில் தாயை இழந்தவர் என்று இந்தக் காட்சிக்குக் காரணம் சொல்வோர் உண்டு. அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. அடக்கி வாசிக்கத் தெரிந்த நடிகர், அடக்கச் சொன்ன இயக்குநர், இது போதும்.

பிறகு கல்யாணி மகனைத் தேடி வருகிறாள். வரம் கேட்கவில்லை. நிபந்தனை, பேரம் எதுவும் இல்லை. மகன் மடி சாய்கிறான், நாம் கரைகிறோம். கடைசியில் கலெக்டரான இளைய மகன் மாற்றலாகிப் போக, தாய் சூர்யாவோடு தங்கிவிடுகிறாள். குந்தி செய்யாததைக் கல்யாணி செய்கிறாள்: மூத்தவனைத் தேர்ந்தெடுக்கிறாள். அழகான பரிகாரம்தான். ஆனால் ஏதுமறியாத வயதில் தவறிய பெண் என்று முதலிலேயே மன்னிப்பு வழங்கப்பட்டுவிட்டதால், இந்தத் தாயிடம் நமக்குக் கேட்க ஒன்றுமில்லை. பாரதத்தின் பல் பிடுங்கப்பட்டுவிட்டது.

டிவி: நேரமே பாரம்

2013-ல் விஜய் டிவியில் தமிழ் பேசிய ‘மகாபாரதம்’ கர்ணனையும் குந்தியையும் வீட்டு ஹாலுக்குள் கொண்டுவந்தது. தொடருக்கு நேரம் தாராளம். அங்கே அதுதான் சிக்கல். ஒரு அதிர்ச்சிக்கு ஒவ்வொரு முகமாக க்ளோசப், பின்னால் இடிமுழக்கம். அழுகை உதட்டில் ஒன்று, டப்பிங்கில் ஒன்று. தயங்கி நிற்க வேண்டிய இடமெல்லாம் நிரப்பப்பட்டுவிட்டால் நடிகருக்குச் செய்ய என்ன மிச்சம்?

கூத்து: கேள்வி கேட்கும் ஆட்டம்

கூத்தில் கர்ணன் கட்டை வேஷம். தலையில் கிரீடம், தோளில் புஜக்கட்டை, மார்பில் பதக்கம். மரத்தில் செதுக்கி, ஜிகினாவும் கண்ணாடியும் பதித்த கனம். இதைக் கட்டிக்கொண்டு அம்மா மடியில் சாய முடியாது. நெருங்கி அணைக்கக்கூட முடியாது. ரஜினிக்குக் கிடைத்த மடி கூத்துக் கலைஞனுக்கு இல்லை. ஆகவே உணர்ச்சி முழுக்கக் குரலுக்கும் காலுக்கும் போகிறது. விருத்தத்தை உச்சியில் எடுத்து, சலங்கை அதிரச் சுழன்று, ஆர்மோனியம் பிடித்துக்கொள்ளும் இடத்தில் சட்டென நிற்பான். அந்த நிற்றல்தான் அவனுடைய அழுகை. எதிரே குந்தி பெரும்பாலும் பெண் வேஷம் கட்டிய ஆண். நளினத்தை நம்பி அவர் இந்தக் காட்சியைக் கரையேற்ற முடியாது, குரலில் காரியம் தெரிந்தாக வேண்டும்.

அப்புறம் கூத்தின் கோமாளியான கட்டியங்காரன். படத்துக்கும் சீரியலுக்கும் இல்லாத ஆட்டக்காரர் இவர். கூட்டத்தின் மனசில் ஓடுவதை அங்கேயே எடுத்துப் போடுவார்: ஆற்றில் விட்டபோது கை நடுங்கவில்லையா, இத்தனை வருஷம் எந்த ஊருக்குப் போயிருந்தாய், இப்போது மட்டும் பிள்ளை ஞாபகம் வந்ததா என்கிற ரீதியில். இந்தப் பக்கத்தில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் கலந்தால் கிண்டல் இன்னும் சுருக்கென்று ஏறும். மூன்றும் புரிகிற கூட்டம் இது. அந்தக் கூட்டம் எப்போதும் கர்ணன் கட்சி. எல்லைக்கு அந்தப் பக்கமும் அதே நிலைதான். அர்ஜுனனை நாயகனாக வைத்துப் பாடிய பம்பனே பத்தாம் நூற்றாண்டுக் கன்னடத்தில் கர்ணனுக்குத் தனி மரியாதை கொடுத்திருக்கிறான்.

சிப்காட் ஷிப்டுக்காகப் பிள்ளைகளை ஊரில் பாட்டியிடம் விட்டுவிட்டு ஓசூரில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் தாய்மார்கள் உள்ள வட்டாரம் இது. அவர்கள் குந்திகள் அல்ல. ஆனால் கட்டியங்காரனின் கேள்வி அவர்களுக்கும் கேட்கும். சிரிப்பு எழும்பி, பாதியில் அடங்கும். எந்த க்ளோசப்பும் இதைச் சாதித்ததில்லை.

திருப்புமுனை, கர்ணனின் சாவை ஆடும் ‘கர்ண மோட்சம்’ கூத்தில் வருகிறது. வரம் கொடுத்த மகன் பதிலுக்கு ஒன்று கேட்டிருந்தான்: நான் விழும்போது வந்து, ஊரறிய என்னை மகனே என்று சொல்லி அழ வேண்டும். இந்தக் கடன் களத்தில் தீர்கிறது. குந்தி வருகிறாள், ஒப்பாரி வைக்கிறாள். ரகசியமாக வரம் வாங்கியவள் பகிரங்கமாக அழ வேண்டியிருக்கிறது. வடமாவட்டங்களில் கருமாதிக்குக் கர்ண மோட்சம் வைக்கும் வழக்கம் சும்மா வந்ததல்ல. செத்தவனுக்கு உயிரோடிருப்பவர்கள் வைத்த பாக்கியை இந்த ஆட்டம் கணக்குத் தீர்க்கிறது.

தீர்ப்பு

‘கர்ணன்’ பழியைக் கிருஷ்ணனுக்கு மாற்றியது. ‘தளபதி’ பழியே இல்லாத தாயைப் படைத்தது. கூத்து மட்டும்தான் குந்தியைக் கூட்டத்தின் நடுவே நிறுத்தி, கேள்வி கேட்டு, பதில் சொல்லவிட்டு, அதற்குப் பிறகு அழவிடுகிறது. அடுத்த வாரம் அம்மா பிள்ளை சேரும் எபிசோடு எழுதப்போகிறவர்கள் கிளிசரினைத் தேடுவதற்கு முன்னால் வரத்தையும் கட்டியங்காரனையும் தேடட்டும். அம்மா என்ன கேட்டு வந்தாள் என்பதை ஒளிக்காமல் காட்டுங்கள். கோபப்பட ஒரு நிமிஷம் கொடுத்தால், மன்னிக்கிற வேலையைப் பார்க்கிறவனே செய்துகொள்வான்.