மறுமேடையும் முதல் மேடையும்

ஒவ்வொரு வருஷமும் மே மாதம் வந்துவிட்டால் நியூயார்க் நாடக விமர்சகர்கள் ஜோஸ்யர்களாகிவிடுகிறார்கள். டோனி பரிசுக்கான பட்டியல் வெளியாகி ஜூனில் முடிவு தெரியும்வரை, எது ஜெயிக்கும் என்று ஒரு பத்தி, எது ஜெயிக்க வேண்டும் என்று ஒரு பத்தி. இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில்தான் விமர்சனத்துக்கு வேலை. அது பெரும்பாலும் எழுதப்படுவதில்லை.

எனக்கு அக்கறையுள்ள பிரிவு ஒன்றுதான்: பழைய நாடகத்தின் மறுமேடையேற்றத்துக்கு, அவர்கள் சொல்லில் ரிவைவலுக்கு, தரப்படும் பரிசு. நான் பிராட்வேயில் எந்த நாடகமும் பார்த்தவனில்லை. பிரதிகளையும் மதிப்புரைகளையும் படித்தவன், அவ்வளவே. ஆனாலும் இந்தப் பிரிவில் ஓரளவு சரியாகவே ஊகித்துவிடலாம் என்று நினைக்கிறேன். மேடையைப் பார்க்காதவனும் ஊகித்துவிடக்கூடிய பரிசு எதற்காகத் தரப்படுகிறது என்பதே என் கேள்வி.

டோனி பரிசு 1947-இல் தொடங்கியது. மறுமேடையேற்றத்துக்கென்று தனிப் பரிசு 1977-இல்தான் வந்தது. அப்போது அதன் பெயரில் 'மிகப் புதுமையான' என்ற அடைமொழி இருந்தது. 1980-இல் அந்த அடைமொழி போய், 'மறு உற்பத்தி' என்று பொருள்படும் ஒரு சொல் வந்தது. அதன் பிறகுதான் ரிவைவல். 1994-இல் வசன நாடகத்தையும் இசை நாடகத்தையும் தனித்தனியாகப் பிரித்தார்கள். புதுமை, உற்பத்தி, புத்துயிர்: எதைப் பாராட்டுகிறோம் என்பதில் ஸ்தாபனத்துக்கே தெளிவு இருந்ததில்லை.

2012-இல் ஆர்தர் மில்லரின் 'ஒரு விற்பனைப் பிரதிநிதியின் மரணம்' ஜெயித்தது. டைரக்டர் மைக் நிக்கல்ஸ் 1949-இன் முதல் மேடையேற்றத்துக்கு ஜோ மீல்சைனர் செய்த அரங்க அமைப்பையும், அலெக்ஸ் நார்த்தின் இசையையும் திரும்பக் கொண்டுவந்தார். பழையதைப் பழையபடியே நிறுத்திக் காட்டுவது ஒரு வழி. 2016-இல் அதே மில்லரின் 'பாலத்திலிருந்து ஒரு பார்வை' ஜெயித்தது. இவோ வான் ஹோவ மேடையிலிருந்த வீடு, மேஜை, நாற்காலி எல்லாவற்றையும் அகற்றி, நடிகர்களை வெறுங்காலுடன் ஒரு பெட்டிக்குள் நிறுத்தினார். ப்ரூக்லின் துறைமுகத் தொழிலாளியின் குடும்பக் கதைக்குள்ளிருந்த கிரேக்கத் துன்பியல் வெளியே வந்தது. இது வாசிப்பு. இரண்டும் எதிரெதிரானவை. ஆனால் இரண்டுக்கும் ஒரு பொதுத் தன்மை உண்டு: டைரக்டர் ஒரு பிரதியை எதிர்கொண்டிருக்கிறார்.

2016-க்குப் பிறகு நடந்தது வேறு. 2017-இல் ஆகஸ்ட் வில்சனின் 'ஜிட்னி', 2019-இல் 'தி பாய்ஸ் இன் தி பேண்ட்', 2020-ஆம் ஆண்டுப் பரிசாக 2021-இல் தரப்பட்ட 'எ சோல்ஜர்ஸ் ப்ளே', 2024-இல் 'அப்ரோப்ரியேட்', 2025-இல் 'யுரீகா டே'. இந்த ஐந்து நாடகங்களும் பிராட்வேக்கு அப்போதுதான் முதல் முறையாக வந்தவை. ஏற்கனவே கிளாசிக் என்று ஏற்கப்பட்டுவிட்ட நாடகத்தைப் புதிய நாடகமாகக் கணக்கிடுவதில்லை என்பது டோனி விதி. அதனால் முதல் வருகையும் மறுமேடையேற்றமாகிறது. 'ஜிட்னி' 1979-இல் எழுதப்பட்டது. வில்சன் 2005-இல் இறந்தார். அவருடைய பத்து நாடக வரிசையில் மற்ற ஒன்பதும் பிராட்வே வந்துவிட்டன. இது மட்டும் முப்பத்தெட்டு வருஷம் வெளியே நின்றது. உள்ளே விட்ட வருஷத்தில் அதற்குப் புத்துயிர் கொடுத்ததாகப் பரிசு. நாடகம் செத்தா கிடந்தது?

இடையில் ஜெயித்தவை மூன்று: 2018-இல் 'ஏஞ்சல்ஸ் இன் அமெரிக்கா', 2022-இல் 'டேக் மீ அவுட்', 2023-இல் 'டாப்டாக் / அண்டர்டாக்'. மூன்றும் முதல் வருகையிலேயே டோனியோ புலிட்சரோ பெற்றவை. ஆக, ஒன்று பழைய கடனைத் தீர்ப்பது, இல்லாவிட்டால் பழைய தீர்ப்பின் கீழ் இன்னொரு முறை கையெழுத்திடுவது.

காரணம் வியாபாரம் என்று சுலபமாகச் சொல்லிவிட முடியாது. ஓட்டுப் போடும் ஏறக்குறைய 800 பேரில் தயாரிப்பாளர்களும் அரங்க உரிமையாளர்களும் இருக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் 2007-இல் ஜெயித்த 'ஜர்னீஸ் எண்ட்' பரிசளிப்பு நாளன்றே நின்றுபோனது. 'டாப்டாக்' ஜனவரியிலும் 'யுரீகா டே' பிப்ரவரியிலும் முடிந்துவிட்டன, பரிசு ஜூனில். விற்க டிக்கெட் இல்லை. இசை நாடகத்துக்குக் கிடைக்கும் பரிசு ஊர் ஊராகப் போய்ச் சம்பாதிக்க உதவும். இந்தப் பரிசு பெரும்பாலும் லாபத்துக்கு உதவாது. ஆகவே மனசாட்சிக்கு உதவுகிறது.

கடனைத் தீர்ப்பது தப்பா என்று கேட்கலாம். இல்லை. சார்லஸ் ஃபுல்லரின் 'எ சோல்ஜர்ஸ் ப்ளே' 1982-இல் புலிட்சர் பெற்றும் பிராட்வேக்குள் வர 2020 ஆயிற்று. அந்த அநியாயத்தை அநியாயம் என்றே சொல்லிப் பரிசளித்தால் எனக்கு ஆட்சேபமில்லை. ரிவைவல் என்ற சொல் அதை மறைக்கிறது. கதவைச் சாத்தி வைத்திருந்தவர்கள் மரபைக் காப்பவர்களாக வேஷம் போட்டுக்கொள்ள முடிகிறது.

இழப்பு இன்னொரு பக்கமும் உண்டு. 2022-இல் லோமன் குடும்பத்தைப் பிராட்வேயில் முதல் முறையாகக் கறுப்பினக் குடும்பமாக்கி மில்லரின் அதே நாடகம் வந்தது. வில்லி லோமனின் அவமானம் ஒவ்வொன்றும் வேறு கனம் பெறக்கூடிய வாசிப்பு. 1984, 1999, 2012 என்று மூன்று முறை இதே பரிசை வாங்கிய நாடகம், இந்த முறை இந்தப் பிரிவின் பட்டியலில்கூட இல்லை. அதே 2023 பட்டியலில் இருந்த ஜேமி லாயிடின் 'பொம்மை வீடு' தோற்றது. வெறும் மேடை, நாற்காலிகள். முடிவில் அரங்கத்தின் பின்கதவு திறந்து நோரா நிஜத் தெருவுக்குள் நடந்துபோகிறாள். லாயிடின் 'பிட்ரேயல்' ஃபுல்லரின் நாடகத்திடம் தோற்றிருந்தது.

'யுரீகா டே' மட்டும் என்னை யோசிக்கவைக்கிறது. கலிபோர்னியாவில் ஒரு பள்ளிக்கூடம், தடுப்பூசிச் சண்டை, இணையவழிக் கூட்டத்தில் பெற்றோர்கள் எழுதிக் குவிக்கும் வசவுகள். ஜொனதன் ஸ்பெக்டரின் இந்த நாடகம் 2018-இல் மேடையேறியது. அன்று கொரோனா இல்லை. 2024-இன் பார்வையாளர்கள் அதே வசவுகளைத் தங்கள் வீட்டிலேயே கேட்டுவிட்டு வந்தவர்கள். இங்கே பிரதியை மறுவாசிப்புச் செய்தது காலம்தான். டைரக்டருக்கு அதில் எவ்வளவு பங்கு என்பதை எந்த ஜோஸ்யமும் எனக்குச் சொல்லவில்லை.

அடுத்த பட்டியல் வரும்போது ஊகிக்க விரும்புகிறவர்களுக்கு என் சூத்திரம் இதுதான்: பிராட்வே இதுவரை உள்ளே விடாத நாடகம் இருந்தால் அதன்மேல் பந்தயம் கட்டுங்கள். இல்லாவிட்டால் முன்பே பரிசு வாங்கியதன்மேல். பழைய நாடகத்தை முகம் தெரியாமல் மாற்றிய தயாரிப்பின்மேல் கட்டாதீர்கள். பணம் போகாது. ஆனால் நோரா நடந்துபோன கதவு இப்ஸனின் நாடகத்துக்கு என்ன செய்தது என்ற கேள்வி அப்படியே நிற்கும். அதைப் பார்த்தவர்கள்தான் எழுத வேண்டும்.