கயத்தாற்றுக் கற்குவியலும் வாழ்த்தல் துறையும்

கட்டபொம்மன் கதைப்பாடலை வரலாற்றோடு ஒப்பிட்டு, இப்பகுதி மெய், இப்பகுதி பொய் எனப் பிரித்துக் காட்டுதலே அதனைப் பற்றிய ஆராய்ச்சி எனக் கொள்வார் பலர். அம்முறை வேண்டுவதே, ஆயினும் அதனோடு அமைதல் சாலாது. இறந்தாரைப் போற்றும் தமிழ் மரபில் அப்பாடலுக்குரிய இடம் யாது என்பதனையும் நாம் நோக்குதல் வேண்டும்.

வீரர்க்குக் கல் நடும் முறையைத் தொல்காப்பியர் காட்சி முதல் வாழ்த்தல் ஈறாக ஆறு துறைகளாக வகுத்தார். கல்லைத் தேர்தலில் தொடங்கும் அம்முறை சொல்லால் போற்றுதலில் முடிகின்றது. வஞ்சிக் காண்டத்துக் காதைகள் பலவற்றுக்கு அப்பெயர்களையே சூட்டிய இளங்கோவடிகள், போர்க்களம் புகாத கண்ணகிக்கும் அச்சிறப்பை உரிமையாக்கினார். எனவே, அரசு முறை பிழைத்தமையால் துயருற்றார்க்கும் கல் உரியதாயிற்று.

கோவிற்பட்டிக்குத் தெற்கேயுள்ள கயத்தாற்றில் 1799 அக்டோபர் 16-ஆம் நாள் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டான். அவ்விடத்தே வழிச்செல்வோர் இட்ட கற்கள் நாளடைவில் பெருங்குவியலாயின என்பதனை 1917-இல் வெளிவந்த திருநெல்வேலி மாவட்டக் கெசட்டியர் குறிக்கின்றது. அவை உருவும் எழுத்தும் பொறியாத வெறுங்கற்கள். நடுகல்லுக்கு இன்றியமையாத பெயரும் பீடும் யாண்டுச் சென்றன? பாட்டிற் சென்றன என்பதே நம் விடை. 1801-இல் அவன் தலைநகராகிய பாஞ்சாலங்குறிச்சியை வென்ற கும்பினியார், கோட்டையைத் தரைமட்டமாக்கி, ஊர்ப்பெயரையும் கணக்குகளினின்று நீக்கினர். ஏட்டினின்று நீங்கிய பெயரைக் கரிசல் மக்கள் நாவில் வைத்துக் காத்தனர் எனலாம்.

பிற நாட்டு வழக்கொன்றை ஒப்பிடின் இது மேலும் விளங்கும். இறந்தோர் இல்லந் திரும்புவர் எனக் கருதும் மெக்சிகோ நாட்டார், நவம்பர் 1, 2 ஆகிய நாள்களில் மலரும் உணவும் படைத்து அவரை எதிர்கொள்வர். ஆண்டு நினைப்போர் பெரும்பாலும் சுற்றத்தார். கயத்தாற்றில் கல்லிட்டோரோ வழிப்போக்கர். உறவல்லாதானை நினைத்தற்குக் கதை வேண்டும். அதனைத் தந்தது பாட்டு.

நா. வானமாமலை பதிப்பித்து, மதுரைப் பல்கலைக்கழகம் 1971-இல் வெளியிட்ட கதைப்பாடலைப் பயில்வோர் இதனை உளங்கொளல் தகும். முயல் நாயைத் துரத்திய மண் பாஞ்சாலங்குறிச்சி என்னும் செய்தி ஆவணமாகாது. அஃது அம்மண்ணின் பீடு கூறும் வாழ்த்து. எனினும் வாழ்த்தெனக் கொண்டமையால் பாடலின் கூற்றெல்லாம் மெய்யாகிவிடா. எட்டையபுரத்தார்மேல் வழங்கும் பழியைப் பிற சான்றுகளோடு வைத்தே துணிதல் வேண்டும். போற்றுதற்கு மிகை தகும். பழித்தற்குச் சான்று வேண்டும். இவ்வேறுபாட்டைப் பேணுதல் திறனாய்வாளர் கடன்.