தறிவீட்டு மண்சுவர்

அவிநாசிப் பக்கம் பழைய தறிவீடு ஒன்றுக்குள் நுழைந்தால் முதலில் உடம்புக்குத் தெரிவது குளிர்ச்சிதான். வெளியே பனியன் கம்பெனியின் தகரக் கூரை சித்திரை வெயிலில் கொதிக்கிறது. உள்ளே ஒன்றரை அடி கனத்தில் மண்சுவர். செம்மண்ணை நனைத்து, மிதித்து, உருண்டை பிடித்து அடுக்கியது. ஒரு முழம் எழுப்பி, அது காய்ந்த பிறகுதான் அடுத்த முழம். பூச்சு உதிர்ந்த இடத்தில், வைத்தவரின் விரல் தடம் இன்னும் இருக்கிறது.

நெசவாளிக்கு இந்தக் குளிர்ச்சி சொகுசு அல்ல, பிழைப்பு. பருத்திப் பாவு வறண்டால் இழை அறும். குழித்தறியின் மண்குழியும் சாணி மெழுகிய தரையும் பாவுக்கு வேண்டிய ஈரத்தைக் காக்கும். மில்களில் இதற்கென்றே இயந்திரம் வைத்திருக்கிறார்கள்.

மண்சுவர் நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. ஏமன் பாலைவனத்தின் ஷிபாம் நகரில் ஏழு மாடி வரை வீடுகள் பச்சை மண்கல்லிலேயே நிற்கின்றன. 1982இல் யுனெஸ்கோ அந்த நகரை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. நம் ஊரிலோ மண்வீடு என்றால் பெண் கொடுக்க யோசிக்கிறார்கள்!

மண்சுவருக்கு எதிரி வெயில் அல்ல, தண்ணீர். மேலே சிமெண்ட் பூசினால் உள்ளே இறங்கிய ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவரைக் கரைக்கும். அப்படியொரு வீடு உங்களிடம் இருந்தால், ஐப்பசி மழைக்கு முன் உடைந்த ஓடுகளை மாற்றிவிடுங்கள்.