அக அழகு என்னும் ஆறுதல்

"அக அழகே அழகு, புற அழகு மாயை" என்று நம்மவர் மேடைகளில் சொல்லக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சந்தேகமே எழுகிறது. யாருக்குச் சொல்லப்படுகிறது இது? சமூகம் அழகியென்று ஏற்றுக்கொண்டவளுக்கு அல்ல. மணமகள் தேவை விளம்பரங்களில் நற்குணம் கேட்பவர்கள் சிவந்த நிறத்தையும் மறவாமல் கேட்கிறார்கள்.

ரொனி மொறிசனின் முதல் நாவல் 'த புளூவெஸ்ற் ஐ' (1970) இந்த அகம்-புறம் பிரிப்பையே உடைக்கிறது என்பது என் வாசிப்பு. களம் 1940-41இன் லொறெய்ன், ஒஹையோ மாநிலம். கறுப்புச் சிறுமி பெக்கோலா மூன்று சதத்தோடு மிட்டாய் வாங்கப் போகிறாள். வெள்ளைக் கடைக்காரரின் பார்வையில் அங்கே ஒரு பிள்ளை நிற்பதாகவே பதியவில்லை. மிட்டாய்த் தாளிலோ நீலக்கண் சிறுமியொருத்தி சிரிக்கிறாள். மிட்டாயைத் தின்பது அந்தக் கண்களைத் தின்பதாகப் பெக்கோலாவுக்குப் படுகிறது. தாய் போலினுக்கு அழகைக் கற்பித்தது சினிமாக் கொட்டகை. வேலைவீட்டு வெள்ளைக் குழந்தையைத் தேற்றுபவள், பெற்ற மகளை அடிக்கிறாள். (தகப்பன் சோலி இழைக்கும் கொடுமை தனியே பேசப்படவேண்டியது.) இறுதியில் தனக்கு நீலக்கண் வந்துவிட்டதாக நம்பிப் பெக்கோலா பித்தாகிறாள்.

வெளியிலிருந்த அளவுகோல் உள்ளே குடியேறிவிட்டது. அவளிடம் போய் 'உன் உள்ளம் அழகு' என்பது, அளவுகோலைத் தொடாமல் அவளை மட்டும் சமாதானப்படுத்துவது.

எனக்கு முக்கியமானவள் தோழி குளோடியா. எல்லோரும் கொண்டாடும் வெள்ளைப் பொம்மையில் அப்படி என்ன அழகு என்று பிய்த்துப் பார்க்கிறாள். உள்ளே இருந்தது சத்தமெழுப்பும் ஓர் உலோக வட்டு.