சங்கர் நகரில் ஒரு கிரிக்கெட் மாலை

தமிழ்நாடு பிரீமியர் லீக் 2016இல் தொடங்கியபோதே நெல்லையை அடுத்த சங்கர் நகர் இந்தியா சிமெண்ட்ஸ் மைதானத்திலும் ஆட்டங்கள் நடந்தன. தென்காசி மாவட்டத்து வீரகேரளம்புதூர் ரசிகர் ஆலங்குளம், திருநெல்வேலி வழியாக அங்கே போகலாம். போட்டிக் காலம் குற்றாலச் சீசனை ஒட்டியே வரும். காலையில் அருவிக் குளியல், மாலையில் கிரிக்கெட்!

சென்னை சேப்பாக்கம் மைதானத்தின் பிரம்மாண்டம் சங்கர் நகரில் இல்லை. அதுவே இதன் அழகு. எல்லைக் கோட்டருகே நிற்கும் பீல்டரின் முகம் தெரியும். பயிற்சியில் மட்டையில் பந்து படும் ஓசைகூடக் கேட்கும். இன்னும் பெயர் பெறாத பையன்களைப் பார்ப்பதுதான் பெரிய இன்பம். நடராஜனும் வருண் சக்கரவர்த்தியும் இந்த லீக்கில் கவனம் பெற்றுத்தான் ஐபிஎல்லுக்கும், பிறகு இந்திய அணிக்கும் போனார்கள். டாஸுக்கு முன்பே போய்விடுங்கள். பயிற்சியைத் தவறவிடக் கூடாது.