கையெழுத்தும் தற்குறியும்

வாஷிங்டன் நகரத்திலுள்ள கேப்பிட்டல், அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடம். அதன் ஓவியங்களைப் பற்றி வந்த பாராட்டுகள் பெரும்பாலும் அண்ணாந்து பார்த்தே எழுதப்பட்டவை. நாம கொஞ்சம் கீழேயும் பார்ப்போம்.

கான்ஸ்டன்டினோ புருமிடி 1805ல் ரோமில் பிறந்தவர். அப்பா கிரேக்கர், அம்மா இத்தாலியர். ரோமப் புரட்சியை ஒட்டிச் சிறைப்பட்டு, மன்னிப்புப் பெற்று, 1852ல் அமெரிக்காவுக்கு வந்தார். 1855 முதல் 1880ல் சாகும்வரை கேப்பிட்டலில் வரைந்தார். ஈரச் சுண்ணாம்புக் காரை மேல், அது காயறதுக்குள்ள தீட்டி முடிக்கணும். அன்றன்றைக்கு வரையும் அளவுக்குத்தான் பூச்சு. காய்ந்தபின் வண்ணம் சுவரோடு சுவராக இறுகிவிடும். அழிக்கணும்னா சுவரைக் கொத்தணும். அரசு தன் வரலாற்றை இப்படி எழுதிக்கொள்ள ஆசைப்பட்டதில் அதிசயமில்லை.

இவரையும் அந்நியன்னு ஏசினாங்க. 1858ல் அமெரிக்க ஓவியர்கள் நாடாளுமன்றத்துக்கு மனுப் போட்டார்கள். 1879ல், 74 வயசில், சாரத்தில் சறுக்கி ஏணிப்படியைப் பிடித்துத் தொங்கினார். அடுத்த வருசம் செத்தார். 1952 வரை அவர் புதைகுழிக்கு அடையாளக் கல்கூட இல்லை. அந்த உழைப்பைக் குறைச்சுச் சொல்ல நமக்கு மனசு வராது. ஆனா ஒரு கையெழுத்து உறுத்துது.

ஆங்கிலத் தளபதி கார்ன்வாலிஸ் போர் நிறுத்தம் கேட்கும் காட்சியை 1857ல் வரைந்து, தன் பெயரோடு அமெரிக்கக் குடிமகன் என்றும் சேர்த்து எழுதினார். வந்து ஐந்தே வருசம். குடியுரிமை கிடைத்தது அந்த நவம்பரில்தான். அதே வருசம் மார்ச்சில், அப்போது அதே கட்டடத்தில் இயங்கிய உச்ச நீதிமன்றம், ட்ரெட் ஸ்காட் வழக்கில் கறுப்பர்கள் குடிமக்களாக முடியாது என்று தீர்ப்புச் சொன்னது. வந்தவர் குடிமகன், அங்கேயே பிறந்தவர் சொத்து. 1790ஆம் ஆண்டுச் சட்டம் வந்தேறிகளிலும் அடிமையல்லாத வெள்ளையருக்கு மட்டுமே கதவைத் திறந்திருந்தது. தூரிகைக்கு முன்னால தோல் உள்ளே போயிடுச்சு.

குவிமாடத்தின் உச்சியில் நிற்கும் சுதந்திரச் சிலையை வெண்கலத்தில் வார்த்த பட்டறையில் பிலிப் ரீட் என்ற அடிமை உழைத்தார். வாரநாள் கூலி எசமானுக்கு. ஞாயிற்றுக்கிழமைக் கூலி, நாளுக்கு ஒண்ணேகால் டாலர், அவருக்கு. 33 ஞாயிறுகளுக்கு 41 டாலர் 25 சென்ட். பெற்றுக்கொண்டதற்கு அவர் போட்டது ஒரு பெருக்கல் குறி. எழுத்தை எட்டவிடாம வச்சிட்டு, அப்புறம் தற்குறின்னு பேர் வைக்கிறது நமக்குத் தெரியாத சங்கதியா? 1862ல் அவர் விடுதலையானார். 1863 டிசம்பரில் சிலை மேலே ஏறியது.

சிலைக்குக் கீழே, குவிமாடத்தின் உட்புறத்தில், 1865ல் புருமிடி ஜார்ஜ் வாஷிங்டனைத் தேவதைகள் நடுவே தெய்வமாக்கினார். வாஷிங்டன் அடிமைகளை வைத்திருந்தவர். அதற்கும் கீழே சுற்றி ஓடும் வரலாற்றுப் பட்டையை 1878ல் தொடங்கினார். அதில் கொலம்பஸ் வந்து இறங்குகிறார். கலிபோர்னியாவில் தங்கம் கிடைக்கிறது. அடிமைக் கப்பல் மட்டும் வந்து சேரவே இல்லை. 1950களில் வேறொருவர் பட்டையை முடித்தபோதும், உள்நாட்டுப் போர் இரண்டு சிப்பாய்களின் கைகுலுக்கலாகச் சுருங்கியது.

1873ல் ஜோதிராவ் பூலே தன் 'குலாம்கிரி' நூலை, அடிமைமுறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். அந்த மக்களின் நாடாளுமன்றத்தில் ஓடும் வரலாற்றுப் பட்டையில் அந்த ஒழிப்புக்கு ஒரு முழ இடம் இல்லை. அடிமைகளின் உழைப்பை நினைவுகூரும் கல் அங்கே வைக்கப்பட்டது 2012ல்தான்.

வண்ணக் கலவையின் அழகைப் பேசுறவங்க பேசட்டும். நாம ஓவியத்தின் மூலையில் உள்ள கையெழுத்தையும் படிக்கணும், கூலிச் சீட்டில் உள்ள குறியையும் படிக்கணும்.