வழிவழிப் பட்டமும் வள்ளல் என்னும் பெயரும்

1855ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 29ஆம் நாள், தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சிவாஜி ஆண்மகவின்றி மறைந்தார். அவருக்குப் பெண்மக்கள் இருந்தனர். மகளையே வாரிசாக ஏற்கலாம் என்று தஞ்சையிலிருந்த ஆங்கில ரெசிடெண்டு பரிந்துரைத்தார். கவர்னர் ஜெனரல் டல்ஹௌசிப் பிரபு அதனை ஏற்கவில்லை. தஞ்சை அரசப் பட்டம் அற்றுப்போயிற்று என்று கம்பெனியார் முடிவு கட்டினர்.

ஐந்தாண்டு சென்றது. 1860 டிசம்பரில் டல்ஹௌசியும் மாண்டார். அவருக்கும் ஆண்மகவு இல்லை, பெண்மக்கள் இருவரே. 1849இல் பிரிட்டிஷ் அரசியார் அவருக்கு வழங்கிய ‘மார்க்குவிஸ்’ என்னும் உயர் பட்டம், அவர் உடலோடு மண்ணுக்குள் போயிற்று.

வல்லவனுக்கு வல்லவன் விதி என்று மகிழ்வதற்காக இதனை நினைவூட்டவில்லை. ‘பட்டம் இறந்தது’ என்று சொல்கிறோமே, இறந்துபோகக்கூடிய அந்தப் பொருள்தான் யாது? இக்கேள்விக்கு நம் பழம்பாடல்களில் ஆழ்ந்த விடை ஒன்று உண்டு. ஆயினும், அவ்விடை கிடக்கும் பாடல்களை நாம் வகுப்பறையில் பெயர்ப் பட்டியலாகச் சுருக்கிவிட்டோம் என்பது என் கருத்து.

முதலில் ஆங்கில வழக்கைத் தெளிவாக அறிதல் நலம். ஒருவருக்குப் பட்டம் வழங்கும் பட்டயத்திலேயே, அவருக்குப்பின் அஃது எவ்வாறு இறங்கும் என்பதும் எழுதப்பட்டிருக்கும். பெரும்பாலும் ‘அவர் உடலிற் பிறந்த ஆண்வழியினர்க்கு’ என்பதே வாசகத்தின் பொருள். எனவே, மகன், மகனின் மகன் என்று ஆண்வழி ஓடும்வரை பட்டமும் ஓடும். முதலிற் பெற்றவரின் ஆண்வழியில் ஒருவரும் எஞ்சாதபோது அஃது அறும். டல்ஹௌசியின் ‘ஏர்ல்’ பட்டம் அவர் முன்னோர் பெற்றது. ஆகவே, அம்முன்னோரின் மற்றொரு கிளையில் வந்த உறவினர் ஒருவர்க்கு அது சென்றது. ‘மார்க்குவிஸ்’ பட்டமோ அவரே பெற்றது. செல்ல இடமின்றி முடிந்தது.

தஞ்சையின் கதையில் மற்றொரு பிரபுவும் உளர். துளஜாஜி மன்னர் தத்தெடுத்த சரபோஜி, அத்தத்து செல்லாது என்று 1787இல் ஒதுக்கப்பட்டார். செல்லும் என்று 1798இல் அரியணை ஏற்றப்பட்டார். ஒரே பிள்ளை, ஒரே தத்து. கம்பெனியின் தேவைதான் வேறுபட்டது. அடுத்த ஆண்டே, 1799இல், ஆட்சியதிகாரம் முழுவதையும் ஓர் உடன்படிக்கையால் வாங்கிக்கொண்டு, மன்னர்க்குப் பட்டத்தையும் கோட்டையையும் உதவித் தொகையையும் விட்டுவைத்தனர். அப்போது கவர்னர் ஜெனரலாக இருந்தவர் வெல்லெஸ்லிப் பிரபு. அதே 1799இல் அவரும் ‘மார்க்குவிஸ்’ ஆனார். அவருக்குப் பிள்ளைகள் பலர் இருந்தும், அவர்கள் பெற்றோரின் திருமணத்திற்கு முன்னரே பிறந்தவர்கள் ஆதலால், சட்டத்தின் கண்ணில் வழித்தோன்றல் ஆகவில்லை. 1842இல் அவர் மறைந்தபோது அந்தப் பட்டமும் அற்றது.

விரும்பினால் மகளுக்கும் வழிவிடச் சட்டம் அறியாததன்று. கர்சன் பிரபு ஆண்மகவின்றி 1925இல் இறந்தபோது, அவருடைய ‘மார்க்குவிஸ்’ பட்டம் முடிந்தது. ஆயினும் 1911இல் தனி வாசகம் எழுதிப் பெற்றிருந்த ‘ரேவன்ஸ்டேல்’ பட்டம் அவர் மூத்த மகளுக்குச் சென்றது. தஞ்சை மகளுக்கு அத்தகைய வாசகம் எழுதுவார் இல்லை. மூத்த அரசியார் காமாட்சி பாய் தொடுத்த வழக்கில், கம்பெனி செய்தது அரசியற் செயல், அதனை நீதிமன்றம் ஆராய இயலாது என்று லண்டன் பிரிவி கவுன்சில் 1859இல் தீர்ப்பளித்தது.

ஆக, வழிவழிப் பட்டம் குருதியால் வருவது போலத் தோன்றினாலும், உண்மையில் அது கொடுத்தவன் எழுதிய சொல்லால் நிற்பது. கொடுத்தவனோ வலியவனோ மறுத்தால் விழுவது. இந்த உண்மையைக் கையிற் கொண்டு புறநானூற்றுக்குள் நுழைவோம்.

பாரிக்கும் மகளிர் மட்டுமே எஞ்சினர். மூவேந்தரால் பாரி மாண்டபின், அம்மகளிரை அழைத்துக்கொண்டு கபிலர் விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் சென்றார். இருங்கோவேளைப் பாடிய பாட்டில் (புறம் 201) அவன் குடிவரவை எவ்வளவு பெருமையாகச் சொல்கிறார்! வடபால் முனிவனின் வேள்விக் குழியில் தோன்றித் துவரையை ஆண்ட குடியில் நாற்பத்தொன்பது தலைமுறை வந்தவன் என்கிறார். குடிப்பெருமையைச் சங்கப் புலவர் மதிக்கவில்லை என்று யாரேனும் சொன்னால், அவருக்கு இப்பாட்டே மறுப்பு.

ஆனால் இருங்கோவேள் மறுத்தான். உடனே அடுத்த பாட்டு (புறம் 202) வருகின்றது. உன் முன்னோருள் உன்னைப் போன்ற ஒருவன் கழாத்தலையார் என்னும் புலவரை இகழ்ந்தான். அதனால் அரையம் என்னும் உங்கள் பேரூர் அழிந்தது என்கிறார் கபிலர். முன் பாட்டில் நாற்பத்தொன்பது தலைமுறையாக ஏறிய குடி, பின் பாட்டில் ஓர் இகழ்ச்சியால் இறங்கிவிட்டது. இவ்விரண்டையும் தனித்தனியே படித்தால் ஒன்று புகழ்ச்சி, மற்றொன்று கோபம். சேர்த்துப் படித்தால்தான் குடிப்பிறப்புப் பற்றிய தீர்ப்பு விளங்கும்: குடி என்பது ஒருவனுக்கு வந்த வாய்ப்பு, அதனைக் காப்பது அவன் செயல்.

பாரியின் குடி அற்றதா? ஆங்கிலப் பட்டயத்தின்படி பார்த்தால் அற்றது. ஆனால் பறம்பும் தந்தையும் தமக்கு இருந்த நிலவொளியையும், இரண்டும் இல்லாத இன்றைய நிலவொளியையும் அருகருகே வைத்து ஐந்தடியில் பாடியவர்கள் அம்மகளிரே (புறம் 112). நாட்டை வாங்கிய மூவரும் அப்பாட்டை வாங்க முடியவில்லை. பாரி என்ற பெயரை இன்றளவும் சுமந்து நிற்கும் பாட்டுகளுள் மகள் வழி வந்த இதற்குத் தனியிடம் உண்டு.

அடுத்து, வள்ளல் என்னும் பெயர். இதுவே என் கட்டுரையின் மையம்.

பெருஞ்சித்திரனார் குமணனைப் பாடிய பாட்டொன்றில் (புறம் 158) பாரி, ஓரி, காரி, எழினி, பேகன், ஆய், நள்ளி என்னும் எழுவரையும் வரிசையாகச் சொல்கிறார். நம் தேர்வுத்தாள்கள் இந்த இடத்தில் நின்றுவிடுகின்றன. ‘கடையெழு வள்ளல்கள் யாவர்? அவர் கொடுத்தவை யாவை?’ மயிலுக்குப் போர்வை, முல்லைக்குத் தேர் என்று பிள்ளைகள் எழுதுவர், மதிப்பெண் பெறுவர். ஆனால் புலவர் அங்கு நிற்கவில்லை. அவ்வெழுவரும் மறைந்தபின், இரப்போர் துயர் தீர்க்க நீ இருக்கிறாய் என்று கேட்டு உன்னிடம் வந்தேன் என்கிறார். எழுவர் பட்டியல் எட்டாமவனுக்காக எழுந்தது. எட்டாமவனை வெட்டிவிட்டு எழுவரை மட்டும் ஒப்பிப்பது, முகவரி எழுதாத கடிதத்தைத் தபாலிற் சேர்ப்பது போன்றது.

சிறுபாணாற்றுப்படையிலும் இதே அமைப்பைக் காணலாம். இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் எழுவரின் கொடையையும் விரித்துச் சொல்லி, அவர் அனைவரும் கழுத்திற் சுமந்த ஈகையாகிய நுகத்தை நல்லியக்கோடன் ஒருவனே தாங்குகிறான் என்று முடிக்கிறார். இரு புலவர், இரு நூல், ஒரே அமைப்பு. நல்லியக்கோடன் பாரியின் மகனும் அல்லன், பேகனின் பேரனும் அல்லன். எழுவரில் எவர்க்கும் வாரிசு என்று அவனைப் புலவர் கூறவும் இல்லை. ஆயினும் அவர்தம் இடத்திற்கு வருகின்றான். எவ்வழியில்? நுகத்தைத் தாங்கிய வழியில். நுகம் என்னும் உவமையும் எண்ணத்தக்கது. மணிமுடி தலைமேல் அமர்வது. நுகம் தோளை அழுத்துவது. முன்னதற்கு ஆசைப்படுவோர் பலர். பின்னதற்குத் தோள் கொடுப்போர் சிலர்.

குருதி வழி வந்தும் இந்த இடத்திற்கு வாராதவன் ஒருவனையும் அதே பெருஞ்சித்திரனார் காட்டுகிறார். வெளிமானின் தம்பி இளவெளிமான் சிறிதளவே பரிசில் கொடுத்தான். புலவர் அதனைக் கொள்ளாது போய், குமணனிடம் யானையைப் பரிசாகப் பெற்று வந்து, இளவெளிமான் ஊர்க் காவல் மரத்தில் கட்டிவிட்டு, ‘இரப்போரும் உளர், கொடுப்போரும் உளர், அதோ பார்’ என்ற கருத்துப்படப் பாடினார் (புறம் 162). அண்ணனின் உறவு தம்பிக்கு இருந்தது. அண்ணனின் பெயர் வந்து சேரவில்லை.

குமணனுக்கும் ஒரு தம்பி உண்டு. அவன் நாட்டைக் கவர்ந்துகொள்ள, குமணன் காடு புகுந்தான். அந்நிலையிலும் தன்னை நாடிவந்த பெருந்தலைச் சாத்தனார்க்கு, தன் தலையைக் கொண்டு பயன்பெறுக என்று வாளைக் கொடுத்தான் (புறம் 165). பட்டம் தம்பியிடம், பெயர் காட்டில் இருந்தவனிடம். பட்டமும் பெயரும் இரண்டு வேறு பொருள்கள் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

இங்கு ஒரு தடை எழும். பரிசில் நாடிச் சென்ற புலவர், எதிரே நிற்பவனை எட்டாமவன் என்று சொல்வது முகமன்தானே? அதனை நம்பி ஒரு கொள்கை கட்டலாமா? தடை நியாயமானது. புகழ்ச்சியில் தேவையும் கலந்திருக்கும் என்பதை மறுக்க வேண்டா. ஆயினும், கொடுத்த சிறு பரிசிலைத் தள்ளிய புலவர் அவரே என்பதை நோக்குக. வறுமையிலும் ‘இல்லை’ என்று சொல்லத் தெரிந்தவர் சொல்லும் ‘ஆம்’ என்பதற்கு மதிப்பு உண்டு. மேலும், அப்புலவர் பரிசிலோடு வீடு திரும்பியபின் செய்ததையும் நாம் பார்க்க வேண்டும்.

குமணன் தந்த செல்வத்தை மனைவியின் கையில் வைத்து, உன்னை விரும்புவோர்க்கும், நீ விரும்புவோர்க்கும், முன்பு கடன் தந்து உதவியோர்க்கும், இன்னார் என்று பாராமல் கொடு. என்னைக் கேட்கவும் வேண்டா. சேர்த்துவைத்து வாழ்வோம் என்று எண்ணவும் வேண்டா என்கிறார் (புறம் 163). எழுவர் சென்றபின் குமணன் எட்டாமவன் ஆனான். குமணனிடமிருந்து அந்தப் பெயர் வறிய புலவரின் வீட்டிற்கு வந்து, அவ்வீட்டுப் பெண்ணின் கையில் இறங்கிற்று. டல்ஹௌசியின் சட்டத்தில் இடம் பெறாத மகளும் மனைவியும் ஏழையும் இச்சட்டத்தில் வழித்தோன்றல் ஆகின்றனர். எனவேதான் இந்தப் பெயருக்கு அறுதி இல்லை; கொடுப்பார் எவரும் இல்லாத நாள் ஒன்று வந்தால் மட்டுமே அஃது அறும்.

சங்ககாலத்து மன்னர் படைத்தலைவர்க்கு ‘ஏனாதி’ முதலிய பட்டங்கள் வழங்கினர். ஏனாதி திருக்கிள்ளியைப் புறநானூற்றிலேயே காண்கிறோம். இன்றும் பிறவியால் வரும் பட்டம் தளர்ந்து, செயலுக்குத் தரும் பட்டமே ஓங்கிவருகின்றது. இங்கிலாந்தில் 1958ஆம் ஆண்டுச் சட்டம் வாழ்நாளளவில் முடியும் பிரபுப் பட்டங்களுக்குப் பெருவழி திறந்தது. 1999ஆம் ஆண்டுச் சட்டம் வழிவழிப் பிரபுக்களுள் பெரும்பாலோரை மேலவையிலிருந்து நீக்கியது. நம் மலேசியாவில் ‘துன்’ பட்டமும் மகனுக்கு இறங்குவதன்று. துன் வீ. தி. சம்பந்தன் 1979இல் மறைந்தபோது அவர் பட்டமும் அவரளவில் நின்றது. ஆனால் தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960இல், அவர் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் நின்றுவிடவில்லை. பால்மரம் வெட்டிய தொழிலாளர் சிறுகச் சிறுகச் செலுத்திய பணத்தால் தோட்டம் வாங்கிய சங்கம் அது. நுகம் பல தோள்களுக்கு மாறியதற்கு அதுவே நம் காலத்துச் சான்று.

தஞ்சையிலும் எஞ்சியது எது? பட்டம் 1855இல் முடிந்தது. சரபோஜி ஓலையும் நூலும் தேடிச் சேர்த்த சரசுவதி மகால், 1918இல் பொதுநூலகமாயிற்று. இன்று அங்கே சுவடி தேடிச் செல்பவரிடம், நீ எந்தக் குடி என்று எவரும் கேட்பதில்லை.

ரவாங் வட்டாரத்துத் தோட்டப் பள்ளியொன்றில் பணியாற்றும் எனக்கு இப்பாடல்கள் வெறும் பாடப்பொருள் அல்ல. ‘உன் குடிவரவை எழுது’ என்று சொன்னால், என் மாணவருள் பலர் பாட்டன் பெயரோடு நின்றுவிடுவர். கப்பலேறி வந்தவரின் ஊர்ப்பெயரும் மறந்துபோன வீடுகள் உள. நாற்பத்தொன்பது தலைமுறையை அவர்கள் எங்கே தேடுவர்? பாரி கதையை முடித்த ஒரு நாள், ‘ஏழு பேரும் செத்துப் போயிட்டாங்க, அப்புறம் யாரு ஐயா?’ என்று ஒரு சிறுமி கேட்டாள். இத்தனை ஆண்டும் நான் நடத்திய பாடத்தில் விட்டுவிட்ட அடியை அவள் எடுத்துக் கொடுத்தாள் என்றே கொள்கிறேன்.

ஆசிரிய அன்பர்கட்கு ஒரு வேண்டுகோள். எழுவர் பெயரைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்யட்டும், தவறில்லை. ஆனால் அடுத்த வினாவாக, ‘எட்டாமவன் யார்? அவனுக்கு அந்த இடம் எவ்வாறு வந்தது?’ என்று கேளுங்கள். அதன்பின் பெருஞ்சித்திரனாரின் மனைவியைப் பற்றியும் சொல்லுங்கள். பாட்டன் பெயரோடு வரலாறு நின்றுபோன பிள்ளையும் தலைநிமிர்ந்து விடை எழுதும்.